குதிரை மேயும் காட்டுக்கு வேலி: புதிதாகக் குதிரை வாங்குபவர்களுக்கு

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய்க் குதிரை பிடித்து வருபவர்களில் பலர் கொட்டகை போட்டிருப்பார்கள், கொள்ளு வாங்கி வைத்திருப்பார்கள், லாடம் அடிக்கக்கூட ஆள் சொல்லி வைத்திருப்பார்கள். வேலியைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதுதான் காட்டைச் சுத்திக் கம்பி வேலி இருக்குதுங்களே" என்று பதில் வரும். கல்லுக்கால் ஊன்றி நான்கைந்து வரிசை முள்கம்பி இழுத்த வேலியைத்தான் சொல்கிறார்கள். மாட்டுக்கு அது போதும். குதிரைக்கு இருப்பதிலேயே மோசமான வேலி அதுதான்.

மாடு வேலியை நிதானமாக உரசிப் பார்க்கும், குத்தினால் பின்வாங்கும். குதிரை பயந்தால் முதலில் ஓடும், அப்புறம்தான் என்னவென்று பார்க்கும். தெருநாய் துரத்தினாலும் ஓடும், பக்கத்து ஊர்க் கோயிலில் வேட்டுப் போட்டாலும் ஓடும். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறையச் சுற்றுவட்டம் முழுவதும் அதற்குத் தெரியும். ஆனாலும் மெல்லிய கம்பி, அதுவும் ஓடுகிற ஓட்டத்தில், கண்ணில் படாது. ஆகவே "இந்த வேலி குதிரையைத் தடுக்குமா?" என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். "நானூறு கிலோ உடம்பு இதில் வந்து மோதினால் என்ன ஆகும்?" என்பதை முதலில் கேளுங்கள். கீழே சொல்வது எல்லாமே இந்த முதல் கேள்வியிலிருந்து வருவதுதான்.

முள்கம்பி ஏற்கெனவே இருந்தால்

குதிரையின் முன்னங்கால் முட்டிக்குக் கீழே சதை கிடையாது. எலும்பு, அதை ஒட்டி இறங்கும் தசைநாண்கள், மேலே தோல், அவ்வளவுதான். கம்பிக்குள் கால் போய்விட்டால் குதிரை நின்று யோசிக்காது. காலைப் பின்னால் இழுக்கும். வராவிட்டால் இன்னும் வேகமாக இழுக்கும். ஒவ்வொரு இழுப்பிலும் கம்பி அதே இடத்தில் ரம்பம்போல அறுத்துக்கொண்டே போகும். கம்பியை வெட்டிக் காலை விடுவிப்பதற்குள் தோல் உரிந்து நாண் வெளியே தெரியும். அந்த இடத்துப் புண் சுலபத்தில் ஆறுவதும் இல்லை. தோல் மூடும் முன்பே சதை புடைத்து வளர்ந்துவிடும், அதை வெட்டி வெட்டிக் கட்டுப்போட வேண்டும். லாடம் அடித்த குதிரை என்றால் லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவில் கம்பி மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.

வேலி உங்களுடையது என்றால் முள்கம்பியைக் கழற்றிவிடுங்கள். கல்லுக்கால்கள் இருக்கட்டும், அவை பயன்படும். கழற்றும்போது துண்டு துண்டாக வெட்டிப் போடாமல் வரிசை வரிசையாகச் சுருட்டி எடுக்க வேண்டும். புல்லுக்குள் விழுந்த ஒரு விரல்நீளத் துண்டு குளம்பின் அடியில் ஏறினால் பல வாரம் குதிரை நொண்டும். இழுத்துக் கட்டிய கம்பி வெட்டியதும் துள்ளி வரும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, தடித்த கையுறை போட்டு வெட்டுங்கள்.

பக்கத்துக் காட்டுக்காரருக்கும் பொதுவான எல்லை வேலி, அவர் கழற்றச் சம்மதிக்கவில்லை என்றால் சண்டைக்குப் போக வேண்டாம். ஆறிலிருந்து எட்டடி உள்ளே தள்ளி உங்கள் வேலியைத் தனியாகப் போடுங்கள். இடம் வீணாகிறதே என்று தோன்றும். அந்த இடைவெளியை வண்டித்தடமாக வைத்துக்கொள்ளலாம்.

முள்கம்பியிலேயே சோலார் மின்சாரம் ஏற்றிவிட்டால் குதிரை கிட்டவே வராது என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். சிக்கிய குதிரை விலக முடியாமல் ஒவ்வொரு நொடியும் அடி வாங்கிக்கொண்டே உதறும்.

நிலத்தை நடந்து பார்த்து அளப்பது

செலவைத் தீர்மானிப்பது ஏக்கர் கணக்கல்ல, சுற்றளவு. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அது சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 209 அடி, சுற்றிவர ஏறத்தாழ 836 அடி. அதே ஒரு ஏக்கர் 100 அடி அகலத்தில் நீளவாக்கில் இருந்தால் சுற்றளவு 1,070 அடியைத் தாண்டிவிடும். பத்தடிக்கு ஒரு கால் என்று வைத்தால் முன்னதற்கு 84 கால், பின்னதற்கு 107. மூன்று வரிசைக் குழாய் ஓட்டுவதென்றால் சதுர ஏக்கருக்கே 2,500 அடிக் குழாய் வேண்டும். கையில் இருக்கும் பணம் போதாது என்றால் முழு ஏக்கருக்கும் மட்டமான வேலி போடாமல், அரை ஏக்கருக்கு நல்ல வேலி போடுங்கள். சதுரமான அரை ஏக்கருக்குச் சுற்றளவு 590 அடிதான். மீதியை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

அளக்கும்போதே வேறு சிலவற்றையும் பார்த்து வையுங்கள். தோட்டத்துக் கிணற்றுக்கு மேல்சுவர் இல்லை என்றால் அதற்குத் தனி வேலி வேண்டும், அதுவும் மேய்ச்சல் வேலியைவிட உறுதியாக. மின்கம்பத்துக்குச் சாய்வாக இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி காட்டுக்குள் இறங்கியிருந்தால் அது குதிரையின் கழுத்து உயரத்தில் நிற்கும் கத்தி. வேலிக் கோட்டைச் சற்று வளைத்து, கம்பத்தையும் ஸ்டே கம்பியையும் வெளியே விட்டுவிடுவதே நல்லது. பழைய தகரம், உடைந்த சொட்டுநீர்க் குழாய், மோட்டார் அறையின் துருப்பிடித்த கதவு எல்லாம் உள்ளே இருக்கக் கூடாதவை.

மூலைகளையும் கவனியுங்கள். இரண்டு மூன்று குதிரைகள் சேர்ந்து மேய்ந்தால் அதில் ஒன்று மற்றதை விரட்டும். விரட்டுப்படும் குதிரை கூர்மூலையில் மாட்டிக்கொண்டால் வேலியை உடைத்துக்கொண்டு போவதைத் தவிர அதற்கு வழியில்லை. கூர்மூலைக்குக் குறுக்கே ஒரு குழாயைச் சாய்வாகப் போட்டு அடைத்தாலே போதும். வட்டமாக வளைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

எந்தக் குதிரைக்கு எவ்வளவு உயரம்

சாதுவான பெண் குதிரைக்கும் காயடித்த குதிரைக்கும் நாலரை அடி போதும். கிண்டியிலோ ஊட்டியிலோ ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரையை வாங்கியிருந்தால் ஐந்தடி போடுங்கள். அந்த இரத்தம் சும்மா இருக்காது. மார்வாரி, காத்தியவாரி ஆண் குதிரையைப் பொலிக்கு வைத்திருப்பவர்கள் ஆறடிக்குக் குறைய யோசிக்கவே வேண்டாம். பொலிக்குதிரையின் வேலிக்கும் மற்றக் குதிரைகளின் வேலிக்கும் நடுவே பத்தடி இடைவெளியும் தேவை. வேலிக்கு மேல் தலையை நீட்டிச் சண்டை பிடிப்பதில்தான் பாதிக் காயம் வருகிறது. சிறிய மட்டக்குதிரைக்கு உயரம் பிரச்சினையில்லை, அடி இடைவெளிதான் பிரச்சினை. படுத்து உருண்டே மறுபக்கம் போய்விடும்.

கல்லுக்கால் வாங்கும்போது இதை மனதில் வையுங்கள். ஏழடிக் கல்லில் இரண்டடி மண்ணுக்குள் போனால் மேலே ஐந்தடி மிஞ்சும். பொலிக்குதிரைக்கு எட்டடிக் கல். செம்மண்ணில் இரண்டடிக் குழி தாங்கும். கரிசல் மண் மழையில் வீங்கிக் கோடையில் வெடிக்கும், இரண்டு வருடத்தில் கல் சாய்ந்துவிடும். அங்கே குழியை இன்னும் ஆழமாக எடுத்து ஜல்லியும் கான்கிரீட்டும் போட்டு ஊன்ற வேண்டும். மூலைக் கல்லுக்கு முட்டுக்கல் கொடுக்கும்போது அது வேலிக் கோட்டின் போக்கிலேயே இருக்கட்டும். காட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முட்டுக்கல்லில் குதிரை இடிக்கும்.

எதைக் கொண்டு கட்டுவது

நம் ஊர் நிலைமைக்கு நான் முதலில் சொல்வது கல்லுக்கால், அதில் மூன்று வரிசை ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், மேலே ஒரு வெள்ளை மின்கயிறு, அதாவது கம்பி இழை கோத்து மின்துடிப்பு ஏற்றும் கயிறு. கல் கரையானுக்கும் மழைக்கும் அசையாது, தலைமுறைக்கு நிற்கும். ஒன்றரை அல்லது இரண்டு அங்குலக் குழாய் தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும். மோதினால் குதிரைக்கு வீங்கும், ஆனால் அறுக்காது. குழாய்களைத் தரையிலிருந்து ஒன்றரை, மூன்று, நாலரை அடி உயரத்தில் ஓட்டலாம். குட்டி இருந்தால் கீழ் இடைவெளி இவ்வளவு கூடாது, அதற்கு வலைதான் சரி.

இதில் பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. குழாயைக் கல்லின் உள்பக்கம், அதாவது குதிரை நிற்கும் பக்கம் பொருத்த வேண்டும். வெளியிலிருந்து பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வெளிப்பக்கம் மாட்டிவிடுவார்கள். அப்படி மாட்டினால் வேலியோரமாக ஓடும் குதிரையின் தோள் ஒவ்வொரு கல்லின் விளிம்பிலும் இடிக்கும். சாய்ந்து தள்ளினால் குழாய் கிளிப்பைப் பிய்த்துக்கொண்டு வெளியே போகும். உள்பக்கம் மாட்டினால் குதிரையின் பாரத்தைக் கல்லே தாங்கும். போல்ட்டின் உருண்டைத் தலை உள்ளேயும், நட்டும் மிச்ச மரையும் வெளியேயும் இருக்கட்டும். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்திருக்கும். அங்கே சிங்க் பெயின்ட் அடிக்காவிட்டால் முதல் மழையிலேயே துரு ஆரம்பித்துவிடும். குழாய் முனைகளுக்கு மூடி போடுங்கள். விளிம்பு கீறுவது ஒரு பக்கம், உள்ளே குளவி கூடு கட்டுவது இன்னொரு பக்கம்.

குட்டி, மட்டக்குதிரை, தெருநாய்த் தொல்லை இருக்கும் இடங்களுக்கு வலை வேலி. வலையில் பார்க்க வேண்டியது கண்ணின் அளவு. குளம்பு நுழையக் கூடாது. அகலம் 2 அங்குலமும் உயரம் 4 அங்குலமும் உள்ள பின்னல் வலை குதிரைக்கென்றே பல நாடுகளில் விற்பது, இங்கேயும் தேடினால் கிடைக்கிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் விற்கும் வலையில் கண் ஆறு அங்குலம் வரை போகும். அதில் முன்னங்கால் சுலபமாகப் போகும், வராது. குறுக்குக் கம்பிகள் வெறும் வெல்டிங்கில் ஒட்டியிருக்கும் வலையைவிட, முடிச்சுப் போட்டுப் பின்னிய வலை மோதலைத் தாங்கும். கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் திரும்பி வரும்.

எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் செயின்லிங்க் வலையை மட்டும்தான் போட முடியும் என்றால் போடலாம், ஆனால் சில வேலை பாக்கி இருக்கிறது. வலையின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் முறுக்கிய கூர்முனைகளாக இருக்கும். மேலே ஒரு குழாயை ஓட்டி வலையை அதோடு கட்டுங்கள். கீழே கம்பி கோத்துத் தரையோடு இறுக்குங்கள். கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிமன். 12 கேஜைவிட 10 கேஜ் வாங்குங்கள். பிறகு மார்பு உயரத்தில் உள்பக்கம் ஒரு மின்கயிறு. அது இல்லாவிட்டால் குதிரை வலையில் சாய்ந்து முதுகு சொறிந்தே ஒரு வருடத்தில் தொப்பை விழ வைத்துவிடும்.

மரவேலி பார்க்க அழகு. சவுக்குக் கம்பு, தைலமரக் கம்பு எதுவானாலும் மண்மட்டத்தில் கரையான் முடித்துவிடும்; குதிரை வேறு பொழுது போகாமல் கடித்துத் தின்னும். மலைப்பக்கம் மலிவாக மரம் கிடைப்பவர்கள் கல்லுக்காலில் மரச்சட்டம் போடலாம். மற்றவர்கள் விட்டுவிடலாம்.

இரும்பு எல்-ஆங்கிள் கால்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மலிவு, ஊன்றுவதும் சுலபம் என்று ஒப்பந்தக்காரர் அதைத்தான் முதலில் காட்டுவார். அதன் விளிம்பு கத்தி, தலை ஈட்டி. வேலியைத் தாண்ட முயன்று பாதியில் விழும் குதிரையின் வயிற்றில் அது இறங்கிவிடும். வேறு வழியில்லாமல் போட்டால் ஒவ்வொரு தலைக்கும் மூடி போட்டு, உள்பக்கம் மின்கயிறு ஓட்டி, குதிரை அந்த இரும்புக் காலுக்கு அருகிலேயே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்கயிறும் சோலார் மெஷினும்

மின்வேலி குதிரையின் உடம்பைத் தடுப்பதில்லை, அதன் எண்ணத்தைத்தான் தடுக்கிறது. அதனால் சாலையோர எல்லைக்கு மின்வேலியை மட்டும் நம்பக் கூடாது. உறுதியான வேலிக்குத் துணையாகவும், உள்ளே மேய்ச்சலைப் பிரித்து மாற்றி மாற்றி விடவும் அதற்கு இணையில்லை.

குதிரைக்கு மெல்லிய கம்பி வேண்டாம். கம்பி இழை கோத்த வெள்ளை நைலான் கயிறோ, ஒன்றரை அங்குல அகலப் பட்டையோ வாங்குங்கள். குதிரைக்குச் சிவப்பும் பச்சையும் பெரிதாகப் பிரித்துத் தெரியாது; பச்சைக் காட்டில் வெள்ளைதான் பளிச்சென்று தெரியும். பட்டைதான் அதிகம் கண்ணில் படும் என்றாலும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் அது ஆடிக் காற்றில் படபடத்து இன்சுலேட்டர் அருகே இற்றுப்போகும். அந்தப் பகுதிக்குக் கயிறே மேல். பட்டைதான் வேண்டும் என்றால் இரு கால்களுக்கு நடுவே ஒரு முறுக்குக் கொடுத்துக் கட்டினால் படபடப்புக் குறையும்.

கயிற்றில் மின்சாரம் ஏற்றும் சோலார் மெஷின் தருவது தொடர் மின்சாரம் அல்ல. நொடிக்கு ஒருமுறை என்ற அளவில் மிகக் குறுகிய துடிப்பு. வேலியின் கடைசி முனையில் டெஸ்டர் வைத்தால் 3,000 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மெஷினைக் குறை சொல்லும் முன் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, புல்லோ கொடியோ வளர்ந்து கயிற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். இன்னொன்று, எர்த். இதுதான் நம் ஊரில் பெரும்பாலும் காலை வாரும். குதிரை கயிற்றைத் தொடும்போது மின்சாரம் அதன் உடம்பு வழியாக மண்ணில் இறங்கி, எர்த் கம்பி வழியாக மெஷினுக்குத் திரும்பினால்தான் அடி விழும். தாராபுரம், காங்கேயம் பக்கத்துச் சித்திரை மண்ணில் ஈரமே இருக்காது, மின்சாரம் எப்படித் திரும்பும்? ஆறரை அடி நீளத்தில் மூன்று ஜி.ஐ. எர்த் ராடுகளைப் பத்தடி இடைவெளியில் அடியுங்கள். தண்ணீர்த்தொட்டி வழிந்து ஈரம் நிற்கும் இடமாகப் பாருங்கள். வீட்டு மின் இணைப்பின் எர்த்திலிருந்து முப்பது அடியாவது தள்ளியிருக்க வேண்டும். அதற்கும் சரிவராத வறண்ட பூமி என்றால் வேலியிலேயே ஒரு வரிசையை எர்த்தோடு இணைத்து ஓட்டலாம். மின்வரிசையையும் அதையும் சேர்த்துத் தொட்டால் அடி விழும்.

பணம் மிச்சம் என்று வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக்குக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது கொலைக்கருவி. ஆளும் சாகும், மாடும் சாகும், யானையும் சாகும். சட்டப்படி குற்றம், சிறைக்குப் போக வேண்டியிருக்கும். ஐ.எஸ். 302-2-76 தரத்துக்கு உட்பட்ட மெஷினா என்று கடையில் கேட்டு வாங்குங்கள், எச்சரிக்கைப் பலகை மாட்டுங்கள். காப்புக்காட்டை ஒட்டி நிலம் இருந்தால் மின்வேலிக்குப் பதிவும் அனுமதியும் தேவை. தமிழ்நாடு அரசு 2023-ல் இதற்கென்று விதிகள் கொண்டுவந்திருக்கிறது. கயிறு வாங்கும் முன்பே மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

உயிர்வேலி: எது இருக்கலாம், எது கூடாது

கொங்குப் பகுதிக் கொறங்காடுகளில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களில், கிளுவை வேலிதான் காலங்காலமாக எல்லை. உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல் மரம், சுற்றிலும் அடர்ந்த கிளுவை. காங்கேயம் மாடு வளர்ந்ததே இப்படிப்பட்ட காட்டில்தான். குதிரைக்கும் இது நல்ல ஏற்பாடு. கிளுவை திரைபோல நிற்பதால் குதிரைக்கு எல்லை தெளிவாகத் தெரியும், வெளியே போகும் வண்டியும் நாயும் தெரியாது, காற்றும் மட்டுப்படும். ஒரே குறை, முள். கண்ணில் குத்தினால் கண் போய்விடும். ஆகவே கிளுவைக்கு உள்பக்கம் நாலைந்து அடி தள்ளி ஒரு மின்கயிறோ ஒற்றைக் குழாயோ ஓட்டிவிட்டால் வேலி முடிந்தது. இருக்கும் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பி போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல்தான். புதிதாகப் போத்து (கிளைத்துண்டு) நடுபவர்கள், அது அடர்ந்து வரும் வரை மேலே சொன்ன வேலிகளில் ஒன்றை நம்ப வேண்டும்.

பிரச்சினை வேறு செடிகளில். பண்ணைவீட்டு முகப்பில் அழகுக்காக அரளி வைப்பது வழக்கமாகிவிட்டது. அரளி இலை ஒரு கைப்பிடி உள்ளே போனாலே குதிரையின் இதயம் நின்றுவிடும். காய்ந்த இலையிலும் விஷம் குறையாது. வெட்டிப் போட்ட கிளை பச்சைச் செடியைவிட ஆபத்து, ஏனென்றால் காய்ந்தபின் குதிரை தயங்காமல் தின்னும். மேய்ச்சல் பக்கம் அரளி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆமணக்கு, காட்டாமணக்கு, வாய்க்கால் ஓரம் வேலியாக நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு, உன்னிச்செடி, ஊமத்தை எல்லாம் இதே பட்டியல். திருகுகள்ளிப் பால் கண்ணில் பட்டால் புண்ணாகும். ஆட்டுத் தீவனம் என்று வேலியோரம் சவுண்டல் (சூபாபுல்) வைத்திருப்பார்கள். ஆடு மாட்டுக்குப் பழகிப்போகும், குதிரை தொடர்ந்து தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்ட ஆரம்பிக்கும். குதிரை ஏன் மொட்டையாகிறது என்று ஷாம்பூ மாற்றிக்கொண்டிருப்பவர்கள் வேலியோரம் ஒருமுறை பார்க்க வேண்டும். சீமைக்கருவேலும் வேண்டாம். அதன் முள் குளம்பில் ஏறும், இனிப்பான காயை நிறையத் தின்றால் குடல் அடைத்து வயிற்றுவலி வரும்.

கேட்

டிராக்டர் போகும் கேட் பன்னிரண்டு அடி, குதிரையைப் பிடித்து நடத்திப் போகும் கேட் குறைந்தது நாலைந்து அடி. ஒடுக்கமான வாசலில் குதிரையின் இடுப்பெலும்பு தூணில் இடிக்கும். ஒருமுறை இடித்தால் அப்புறம் அந்த வாசல் என்றாலே பாய்ந்து ஓடும். கேட்டை மூலையில் வைக்காதீர்கள். தீவன நேரத்தில் எல்லாக் குதிரையும் கேட்டடியில் குவியும், மூலை என்றால் நெரிசலில் உதை விழும். கேட்டுக்கும் தூணுக்கும் நடுவே தலை நுழையும் சந்து இருக்கக் கூடாது. மேல் கீலின் முளை கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் குதிரை கழுத்தால் தூக்கிக் கழற்ற முடியாது. கொக்கிக்கு மேல் ஒரு சங்கிலியும் போடுங்கள். வெறும் கொக்கியை உதட்டால் திறக்கக் கற்றுக்கொள்ளும் குதிரைகள் நிறைய உண்டு.

மேய்ச்சல் கேட் நேராகச் சாலையில் திறக்கக் கூடாது. திறந்தாலும் நடுவில் இன்னொரு கேட் இருக்கட்டும். எஸ்டேட் வாசலில் மாடு தாண்டாமல் இருக்கப் பள்ளத்தின் மேல் கம்பி பதித்திருப்பார்களே, குதிரை இருக்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம். மாடு நின்றுவிடும், குதிரை பாய்ந்து காலை உள்ளே விடும்.

குதிரையை விடும் முன்பும் பின்பும்

வேலி முடிந்ததும் ஒரு பழைய பருத்தித் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரை நிற்கும் பக்கமாக நடந்து, குழாய், வலை, போல்ட், கல்லின் விளிம்பு, கேட்டின் கொக்கி எல்லாவற்றையும் அந்தத் துண்டால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே சுற்றி வாருங்கள். துண்டு எங்கே சிக்குகிறதோ அங்கே தோலும் சிக்கும். அங்கே சாக்பீஸால் குறி போட்டுவிட்டு, அரத்தையும் சுத்தியலையும் எடுத்து வந்து சரிசெய்யுங்கள். புது வேலியில் குறைந்தது பத்து இடமாவது மாட்டும். அதில் பாதி கட்டுக்கம்பியின் வெட்டு முனைகளாக இருக்கும்.

முதல் நாள் காலை வெளிச்சத்தில், கயிற்றில் பிடித்தபடி வேலியோரம் இரண்டு பக்கமும் சுற்றிக் காட்டுங்கள். தண்ணீர்த்தொட்டி இருக்கும் இடத்தையும் காட்டுங்கள். மெல்லிசாகத் தெரியும் இடங்களில் வெள்ளைத் துணிக் கீற்றுகள் கட்டி விடுங்கள். முதலில் கொஞ்சம் பசியாற வைத்துவிட்டு அவிழ்த்துவிட்டால் சுற்றி ஓடாமல் மேய ஆரம்பிக்கும். தலைக்கயிற்றைக் கழற்றிவிட்டே மேயவிட வேண்டும். போட்டிருந்தால் அது போல்ட்டிலோ கேட் கொக்கியிலோ மாட்டிக் கழுத்தை முறிக்கும். தீபாவளிக்கு முந்தைய நாளிலிருந்து வெடிச்சத்தம் அடங்கும் வரை எந்த வேலியையும் நம்பாமல் கொட்டகைக்குள் வைத்திருங்கள்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை வேலியைச் சுற்றி வருவதைப் பழக்கமாக்குங்கள். சாய்ந்த கல், தளர்ந்த கிளிப், துரு, கயிற்றைத் தொடும் கொடி, மயில் வந்து உட்கார்ந்து தொய்ந்த இடம், பன்றி தோண்டிய பள்ளம். கடலோரம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வைத்திருப்பவர்கள் உப்புக்காற்றுக்குத் துருவை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும், அங்கே துத்தநாகப் பூச்சு தடிமனாக உள்ள சரக்காகக் கேட்டு வாங்க வேண்டும்.

கம்பி வெட்டும் கருவி ஒன்றைக் கொட்டகைக் கதவருகே ஆணியில் மாட்டி வையுங்கள், வேறு வேலைக்கு எடுக்க வேண்டாம். குதிரை எங்காவது சிக்கினால் ஒருவர் தலைப்பக்கம் நின்று கயிற்றைப் பிடித்துப் பேசிக்கொண்டே இருக்க, இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து கம்பியை வெட்ட வேண்டும். பின்னங்காலுக்கு நேரே நிற்கக் கூடாது. மின்வேலி என்றால் முதலில் மெஷினை அணைக்க வேண்டும். வீட்டு விலங்குகளில் ரணஜன்னி (டெட்டனஸ்) எளிதில் தாக்குவது குதிரையைத்தான், ஒரு சின்ன ஆணிக்கீறல் போதும். வாங்கிய குதிரைக்கு அதற்கான தடுப்பூசி போட்டதற்கு எழுத்து எதுவும் விற்றவர் தரவில்லை என்றால், வேலி வேலை நடக்கும்போதே கால்நடை மருத்துவரிடம் காட்டிப் புதிதாகப் போடத் தொடங்கிவிடுங்கள். முதல் இரண்டு ஊசிகளுக்கு நடுவே சில வாரம் இடைவெளி விட வேண்டியிருக்கும், அதற்குள் குதிரை மேய்ச்சலுக்குப் போகத் தயாராகிவிடும்.